எகிப்தியர் செய்தது கலையா, கட்டளைக்குச் செய்த வேலையா?

மறுப்பாளன்:
எகிப்து என்றதும் இங்கே எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். கட்டுமானத்தைப் பற்றி எனக்கு வழக்கில்லை. 146 மீட்டர் உயரத்துக்குக் கூஃபுவின் பிரமிடை எழுப்பியவர்களுக்குக் கணக்கும் தெரியும், கல்லும் தெரியும். ஓவியமும் சிற்பமும்தான் எனக்கு இடிக்கின்றன. முகம் பக்கவாட்டில், கண்ணும் தோளும் நேராக, கால் மறுபடி பக்கவாட்டில். கி.மு. 3100 வாக்கில் நார்மர் என்ற அரசனுக்காகச் செதுக்கிய கல்பலகையில் இருக்கும் அதே நிலைதான் 3000 ஆண்டு கழித்துத் தெந்தெரா கோயிலில் கிளியோபாட்ரா நிற்கும் சுவரிலும் இருக்கிறது. சுவரில் கட்டம் போட்டு, பாதம் முதல் நெற்றி முடிக்கோடு வரை 18 கட்டம் எண்ணி ஆளை நிரப்பினார்கள். தேர்ந்த கைத்தொழில் என்பேன். கலை என்று சொல்ல மாட்டேன்.

நைல்கரை:
தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும், நண்பரே. மூன்றாம் செனுஸ்ரெத் என்ற அரசனின் சிலைகளைப் பாருங்கள். உடல் இளைஞனுடையது, முகமோ தூக்கம் கெட்டவனுடையது. இமை கனத்து, கண்ணுக்குக் கீழே பை விழுந்து, வாயோரம் இறங்கிக் கிடக்கிறது. அவனுக்கு முந்தைய அரசர்களுக்கு இப்படி ஒரு முகத்தை யாரும் செதுக்கியதில்லை. நெபாமுன் என்ற அதிகாரியின் கல்லறையிலிருந்து எடுத்து இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் விருந்துக் காட்சியையும் பாருங்கள். இசைக்கும் பெண்களில் இருவர் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார்கள். உங்கள் விதிப்படி அது நடந்திருக்கவே கூடாது. நீங்கள் சொல்லும் கட்டக் கணக்கே பிற்காலத்தில் மேலிமை வரை 21 என்று மாறியது.

மறுப்பாளன்:
3000 ஆண்டுக்கு இரண்டு பெண்கள், ஒரு சோக அரசன். அந்த நெபாமுன் ஓவியரின் பெயர் என்ன? கல்லறைக்குச் சொந்தக்காரன் பெயர் மட்டும்தானே நமக்குத் தெரிகிறது?

நைல்கரை:
பெயர் வேண்டுமா? பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இர்திசென் என்பவரின் கல்வெட்டு இருக்கிறது. மெந்துஹோதெப் என்ற அரசன் காலத்துச் சிற்பி. ஆண் நிற்கும் விதம், பெண் நடக்கும் விதம், நீர்யானையின் மேல் ஈட்டி எறிபவன் கையை ஓங்கும் விதம் எல்லாம் தனக்குத் தெரியும் என்று பீற்றிக்கொள்கிறார். இந்த வித்தை தனக்கும் தன் மூத்த மகனுக்கும் மட்டுமே உரியது என்கிறார். கூலிக்கு மாரடித்தவர் பேசும் பேச்சா இது? பழைய பாணியை மாற்றிய அரசன் அக்நாதெனின் தலைநகர் அமர்னாவில் தூத்மோஸ் என்ற சிற்பியின் பட்டறையே கிடைத்தது. அவன் அரசி நெஃபெர்திதியின் தலை 1912இல் அங்கிருந்துதான் வெளியே வந்தது. உள்ளே சுண்ணாம்புக்கல், மேலே சுண்ணச்சாந்து. கழுத்தின் நீளத்தையும் தோளின் சரிவையும் சாந்தைப் பூசிப் பூசிச் சிற்பி திருத்தியிருக்கிறார்.

மறுப்பாளன்:
அமர்னாவை இழுத்தது நல்லதாயிற்று. அக்நாதெனின் தலைமைச் சிற்பி பாக், அஸ்வான் பாறையில் தன்னைப் பற்றி என்ன எழுதிவைத்தார்? அரசரே தனக்குக் கற்றுக்கொடுத்தார் என்று! நீங்கள் கொண்டாடும் புதுமையும் மேலிடத்து ஆணைதான். ஆணையிட்டவன் போனதும் சில ஆண்டுகளில் எல்லோரும் பழைய பாணிக்குத் திரும்பிவிட்டார்கள்.

கல்லுளி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இருவரும் அரசனையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், வேலை செய்தவர்களை விட்டுவிட்டீர்கள். அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்து தீட்டியவர்கள் தெய்ர் எல்-மதீனா என்ற ஊரில் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் கூலி தானியமாக வந்தது. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில் கூலி தாமதமானபோது வேலையைப் போட்டுவிட்டுப் போய்க் கோயில்களின் பின்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும் எங்களை இங்கே துரத்தின, துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை என்று முறையிட்டதை எழுத்தர் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பாப்பிரஸ் ஏடு இத்தாலியின் தூரின் நகரில் இருக்கிறது. தங்கள் கை இல்லாமல் அரசனுக்கு மறுவுலகம் இல்லை என்று தெரிந்தவர்கள்தான் இப்படி உட்காருவார்கள்.

இன்னொன்று. ஹோரெம்ஹெப் என்ற அரசனின் கல்லறை வேலை பாதியில் நின்றுபோனது. சிவப்பில் முதல் கோடு, அதன்மேல் கறுப்பில் மூத்தவரின் திருத்தம், சில இடங்களில் செதுக்கல், எல்லாம் அப்படியே தெரிகின்றன. கட்டத்தை நிரப்புவது மட்டுமே வேலை என்றால் திருத்துவதற்கு என்ன இருக்கிறது?

மறுப்பாளன்:
கணக்குப்பிள்ளையின் ஏட்டிலும்தான் திருத்தம் இருக்கும். வேலைநிறுத்தம் செய்தார்கள் என்றால் தொழிலாளர்கள் என்றுதானே ஆகிறது? என் கட்சிக்கே ஆள் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.

நைல்கரை:
கூலி வாங்கினால் கலைஞர் இல்லையா? சரி, கூலியில்லாமல் வரைந்தவற்றுக்கே வருவோம். அதே ஊரில் சுண்ணாம்புக்கல் சில்லுகளில் கிறுக்கிய படங்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. எலிச் சீமாட்டிக்குப் பூனை பணிவிடை செய்கிறது. ஒரு நடனக்காரி முதுகை வில்லாக வளைத்து, கூந்தல் தரையில் விழ நிற்கிறாள். இதற்கு எந்தப் பார்வோன் ஆணையிட்டான்?

மறுப்பாளன்:
இதைத்தான் நான் முதலிலிருந்து கேட்டேன். சில்லில் இருப்பது கலை. சுவரில் இருப்பது வேலை.

கல்லுளி:
இரண்டும் ஒரே கை ஐயா. பகலெல்லாம் சுவரில் ஒரே இழுப்பில் கோடு போட்டுப் பழகாதவனுக்கு அந்த முதுகு வராது.

மறுப்பாளன்:
அந்த நடனக்காரியின் காதணியைப் பார்த்தீர்களா? தலைகீழாக வளைந்திருக்கிறாள், காதணி மட்டும் நிமிர்ந்து நிற்பவளுடையது போலக் கழுத்துப் பக்கமே இருக்கிறது. ஓய்வு நேரத்திலும் பழக்கம் அவன் கையை விடவில்லை.