1966 மஸ்டாங்: நான்கு துளைப் பின் அச்சிலிருந்து ஐந்து துளைக்கு மாறும்போது எதை அளந்து வாங்குவது?

கேள்வி

என்னிடம் இருப்பது 1966ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங். ஆலையிலிருந்து வந்தபோது அதில் 200 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. அதை இறக்கிவிட்டு, முழுவதும் பிரித்துச் சீராக்கிய 289 வி-8 எஞ்சினையும் நான்கு கியர் கொண்ட கியர்பாக்ஸையும் ஏற்றும் வேலை ஏறத்தாழ முடிந்துவிட்டது. பின் அச்சு மட்டும் இன்னும் பழையதே: 7¼ அங்குலக் கிரௌன் சக்கரம் (அச்சின் நடுவே இருக்கும் பெரிய பல்சக்கரம்), ஒவ்வொரு சக்கரத்துக்கும் நான்கு ஸ்டட் (சக்கரத்தை மாட்டும் திருகுக் கம்பி). நான் பொருத்த விரும்பும் சக்கரங்களோ 5 துளை, 114.3 மி.மீ. வட்டம் (துளைகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) கொண்டவை.

நான்கு துளை ஹப்பின் மேல் ஐந்து துளை அடாப்டரை மாட்டிக்கொண்டால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் 8 அங்குலப் பின் அச்சு ஒன்றை, டிரம்முடன் முழுமையாக, "66ஆம் ஆண்டு வண்டியிலிருந்து கழற்றியது" என்று சொல்லி விற்க முன்வந்திருக்கிறார். அடாப்டர் போதுமா, அல்லது அச்சையே மாற்ற வேண்டுமா? மாற்றினால் முன்பக்கத்தை இப்போதைக்கு நான்கு துளையாகவே விட்டுவைக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதில் 1

அடாப்டர் யோசனையை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அது துளைகளின் எண்ணிக்கையை மாற்றுமே தவிர, உங்கள் உண்மையான சிக்கலைத் தொடுவதே இல்லை. வி-8 எஞ்சின் தரும் முறுக்குவிசை அடாப்டருக்குப் பின்னால் இருக்கும் அதே மெல்லிய அச்சுத் தண்டுகள் வழியாகவும் அதே சிறிய பினியன் (கிரௌன் சக்கரத்தைச் சுழற்றும் சிறு பல்சக்கரம்) வழியாகவும்தான் போயாக வேண்டும். ஃபோர்டு நிறுவனமே இந்த வண்டியில் ஆறு சிலிண்டருக்கு 7¼ அங்குல அச்சையும், வி-8க்கு 8 அங்குல அச்சையும், 271 குதிரைத்திறன் கொண்ட உயர்திற 289க்கு 9 அங்குல அச்சையும் கொடுத்தது. அடாப்டரின் தடிமனும் சக்கரத்தை ஒவ்வொரு பக்கமும் வெளியே தள்ளும். 66இன் பின் மட்கார்டு விளிம்பில் அதற்கு அவ்வளவு தாராளமான இடம் கிடையாது.

ஆகவே 8 அங்குல அச்சுதான் உங்களுக்குப் பொருத்தம். ஆனால் "66இலிருந்து கழற்றியது" என்ற சொல்லை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். 1965, 66 வண்டிகளின் 8 அங்குல அச்சு, ஒரு பக்க ஃபிளான்ஜின் (அச்சுத் தண்டின் முனையில் சக்கரம் பொருந்தும் தட்டு) முகத்திலிருந்து மறுபக்க ஃபிளான்ஜின் முகம் வரை 57¼ அங்குலம் இருக்கும். 1967 முதல் 1970 வரை வந்த மஸ்டாங்குகளில் அது 59¼ அங்குலம். 1971 முதல் 73 வரை 61¼ அங்குலம். தரையில் தனியாகக் கிடக்கும்போது இந்த மூன்றையும் கண்ணால் வேறுபடுத்துவது மிகவும் கடினம். டிரம்மைக் கழற்றிவிட்டு, சக்கர ஸ்டட்கள் நிற்கும் ஃபிளான்ஜின் முகத்திலிருந்து அளவெடுங்கள். டிரம் மேலே இருக்கும்போது அளந்தால் அதன் தகட்டுத் தடிமன் இரண்டு பக்கமும் சேர்ந்து கணக்கைக் குழப்பிவிடும்.

அளக்கும்போதே இன்னொரு சோதனையையும் செய்துவிடலாம். இரண்டு ஃபிளான்ஜ்களின் மேலும் நேரான இரும்புப் பட்டை ஒவ்வொன்றைக் கிடையாகப் பிடித்து வைத்து, பட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அச்சுக்கு முன்புறம் ஒருமுறையும் பின்புறம் ஒருமுறையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் ஹவுசிங் (அச்சின் வெளிக்கூடு) வளைந்திருக்கிறது, அல்லது ஃபிளான்ஜ் வளைந்திருக்கிறது. எதுவாக இருந்தாலும் அந்த அச்சு வேண்டாம்.

அது 8 அங்குலமா 9 அங்குலமா என்ற ஐயம் வந்தால், டிஃபரென்ஷியலை (பல்சக்கரங்கள் அடங்கிய நடுப்பகுதி) ஹவுசிங்கோடு பிணைக்கும் நட்டுகளைப் பாருங்கள். 8 அங்குலத்தில் எல்லா நட்டுகளிலும் பாக்ஸ் ஸ்பேனரை நேராகச் செலுத்தலாம். 9 அங்குலத்தில் கீழே உள்ள இரண்டு நட்டுகளைப் பினியன் பகுதியின் வார்ப்பு மறைத்துக்கொள்வதால், அவற்றுக்கு ரிங் ஸ்பேனர்தான் எடுக்க வேண்டும். பல் விகிதத்தைக் குறிக்கும் சிறிய தகடு பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். சாதாரண டிஃபரென்ஷியலாக இருந்தால் ஒரு ஹப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்ற ஹப்பைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். மூன்று சுற்று என்றால் 3.00, மூன்றுக்குச் சற்று முன்னதாக, ஏறக்குறைய ஒரு சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக நின்றால் 2.80.

முன்பக்கத்தை விட்டுவைக்கும் எண்ணத்தைப் பற்றி: ஆறு சிலிண்டர் வண்டியின் முன் டிரம்கள் 9 அங்குலம், வி-8 வண்டியின் டிரம்கள் 10 அங்குலம். நீங்கள் பின்னால் 10 அங்குல டிரம்மோடு அச்சை மாட்டி, முன்னால் 9 அங்குலத்தை அப்படியே விட்டால், பிரேக்கை அழுத்தும்போது பின் சக்கரங்கள் முதலில் இறுகிப் பூட்டிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. ஈரச் சாலையில் வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் சுழன்று வர அது ஒன்றே போதும். முன் எஞ்சினின் எடையும் இப்போது கூடியிருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. ஸ்பின்டில் (முன் சக்கரம் சுழலும் தண்டு), டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) முனை, பிரேக் ஆகியவற்றை வி-8 வகைக்கு மாற்றும் வேலையைப் பின் அச்சு வேலையோடு சேர்த்தே முடித்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு வகை உபரிச் சக்கரங்களைச் சுமந்துகொண்டு போக வேண்டியிருக்கும்!

பதில் 2

மேலே எழுதியவர் சொன்னதில் அடாப்டர் பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் 8 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 1991 முதல் 2001 வரையிலான ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குலப் பின் அச்சை நான் என் வண்டியில் பொருத்தியிருக்கிறேன். அதிலும் ஐந்து துளை, 114.3 மி.மீ. வட்டம்தான், தண்டுகளில் 28க்குப் பதிலாக 31 ஸ்ப்ளைன்கள் (தண்டின் முனையில் உள்ள பற்கள்), 1995க்குப் பிந்தையதாக இருந்தால் டிஸ்க் பிரேக்கும் கூடவே வந்துவிடும்.

அதன் சிரமத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ப்ளோரரில் பினியன் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதால், ஒரு பக்கக் குழாய் நீளமாகவும் மறுபக்கக் குழாய் குட்டையாகவும் இருக்கும். நீளக் குழாயைச் சுமார் 3 அங்குலம் வெட்டிக் குறைத்து, இன்னொரு எக்ஸ்ப்ளோரரின் குட்டைத் தண்டை அந்தப் பக்கமும் போட்டுவிட்டால், பினியன் நடுவுக்கு வந்துவிடும். அகலமும் 66க்கு ஏற்ற அளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் வெட்டிய குழாயை மீண்டும் ஒட்டவைக்கும் வெல்டிங் நேர்க்கோட்டில் அமைய வேண்டும். அதற்கு ஹவுசிங்கின் ஊடே செல்லும் நேர்ப்படுத்தும் கம்பி வைத்திருக்கும் பட்டறையைத்தான் நாட வேண்டும். வெறும் கண்ணளவில் ஒட்டினால் பேரிங்கும் ஆயில் சீலும் சில மாதங்களில் போய்விடும். அச்சுக் குழாயில் உள்ள பழைய ஸ்பிரிங் இருக்கைகளை வெட்டி எடுத்து, லீஃப் ஸ்பிரிங் பட்டைகளுக்கான புதிய இருக்கைகளை வைக்க வேண்டும். குழாயின் விட்டம் 3¼ அங்குலமாக இருப்பதால் யு-போல்ட்டுகளும் புதிதாக வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டு) பிடிக்கும் ஃபிளான்ஜும் வேறு வகை.

புதிய இருக்கைகளை ஒரேயடியாக வெல்டிங் செய்துவிடாதீர்கள். நான்கு சக்கரங்களும் தரையில் நிற்க, வண்டியின் முழு எடையும் பட்டைகளின் மேல் இறங்கிய பிறகு, பினியனின் கோணத்தைக் கியர்பாக்ஸின் கோணத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்து, புள்ளி வெல்டிங் மட்டும் வைத்து, பின்பு அச்சைக் கழற்றி முழுமையாக ஒட்டுங்கள். முதல் முறை நான் வண்டியை ஜாக்கியில் தொங்கவிட்டபடியே கோணத்தை வைத்துவிட்டேன், 80 கி.மீ. வேகத்தைத் தாண்டியவுடன் இருக்கைக்கு அடியில் வந்த நடுக்கம்தான் எனக்குப் பாடம் எடுத்தது.

கேட்டவர் மீண்டும்

இருவருக்கும் நன்றி. நேற்று அளவுநாடாவோடு போய்ப் பார்த்துவந்தேன். டிரம்கள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்ததால் கழற்றவே அரை மணி நேரம் பிடித்தது. ஃபிளான்ஜ் முகத்திலிருந்து முகத்துக்கு 59¼ அங்குலம் வருகிறது. மூன்று முறை அளந்தேன். பட்டை வைத்த சோதனையில் முன்னும் பின்னும் வித்தியாசம் இல்லை. பாக்ஸ் ஸ்பேனர் எல்லா நட்டுகளிலும் நேராக நுழைந்தது. ஒரு ஹப்பைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை இரண்டு சுற்று சுற்றியதில் பினியன் சரியாக மூன்று சுற்று சுற்றியது. ஆக, இது 8 அங்குலம், 3.00 விகிதம், ஆனால் 67க்குப் பிந்தைய அகலம். ஒரு பக்கத்துக்கு ஓர் அங்குலம் அதிகம் என்பதைச் சக்கரத்தின் உள்வாங்கலை மாற்றிச் சமாளிக்க முடியாதா? விற்பவர் விலையைக் குறைத்துத் தருகிறேன் என்கிறார்.

பதில் 1 எழுதியவர்

கணக்கின்படி முடியும். ஃபிளான்ஜ் 25 மி.மீ. வெளியே வந்திருக்கிறது என்றால், சக்கரத்தின் உள் விளிம்பிலிருந்து பொருத்தும் முகம் வரையுள்ள ஆழத்தையும் 25 மி.மீ. கூட்டிய சக்கரம் வாங்கினால், டயர் பழைய இடத்திலேயே நிற்கும். லீஃப் ஸ்பிரிங் பட்டைக்கும் டயருக்கும் இடையே உள்ள இடைவெளியும் மாறாது. ஆனால் அந்தச் சக்கரம் முன்னால் பொருந்தாது; உள்ளே அதிகமாகப் போய், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சஸ்பென்ஷன் பாகங்களில் உரசும். முன்னுக்கு ஒரு வகை, பின்னுக்கு ஒரு வகை என்று வாங்க வேண்டியிருக்கும். டயர்களை முன்பின்னாக மாற்றிப் போட முடியாது. நீங்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்ட சக்கரங்கள் 66க்கு என்றே செய்யப்பட்டவை என்றால், இந்த அச்சில் அவை மட்கார்டு விளிம்பைத் தொடும். என் கருத்து: விலை எவ்வளவு குறைந்தாலும், ஹவுசிங்கைக் குறுக்கி, தண்டுகளையும் வெட்டி மீண்டும் ஸ்ப்ளைன் போடும் செலவோடு சேர்த்துப் பார்த்தால் அது மலிவாக இருக்காது. 57¼ அங்குல ஹவுசிங்கும் தண்டுகளும் தனியாகக் கிடைத்தால், இந்த டிஃபரென்ஷியலை மட்டும் வாங்கி அதில் இறக்கிக்கொள்ளலாம். 8 அங்குல அச்சில் டிஃபரென்ஷியல் முன்பக்கமாகத் தனியே கழன்று வருவதன் பெரிய வசதியே அதுதான். ஸ்ப்ளைன் எண்ணிக்கை இரண்டிலும் 28 தானா என்பதை மட்டும் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

பதில் 3

சக்கரத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஐந்து துளையில் எதிரெதிர்த் துளைகள் கிடையாது என்பதால், வட்டத்தை நேரடியாக அளக்கப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அடுத்தடுத்த இரண்டு ஸ்டட்களின் மையத்துக்கு மையம் அளந்து 1.701ஆல் பெருக்குங்கள். 114.3 மி.மீ. வட்டம் என்றால் அந்த இடைவெளி 67.2 மி.மீ. இருக்கும், 120.65 மி.மீ. வட்டம் என்றால் 70.9. இந்த இரண்டுக்கும் உள்ள 3.7 மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கவனிக்காமல் நட்டை இழுத்து முடுக்கி ஏற்றியவர்களின் ஸ்டட்கள் வளைந்து போனதைப் பார்த்திருக்கிறேன். நடுத்துளையும் ஹப்பின் மேல் தடையில்லாமல் உட்கார வேண்டும்.

பொருத்தும்போது, பழைய அச்சில் பிரேக் குழாய் பிரியும் மூன்றுவழி இணைப்பைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள். அதன் நடுவே துளை இருக்கும். அச்சின் உள்ளே சூடேறும் காற்று வெளியேறும் வழி அதுதான். அந்த இடத்தில் சாதாரண போல்ட்டைப் போட்டு அடைத்துவிட்டால், காற்றின் அழுத்தத்தால் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வந்து பிரேக் லைனிங்கை நனைத்துவிடும். லீஃப் ஸ்பிரிங் பட்டைகளின் கண்களில் (முனை வளையங்களில்) உள்ள போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போது இறுதியாக முறுக்குங்கள். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் புஷ்கள் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துபோகும். சக்கர நட்டுகளை முதல் 80 கி.மீ. ஓடியதும் டார்க் ரென்ச்சால் மறுபடியும் சரிபார்க்க வேண்டும்.

கேட்டவர் மீண்டும்

டிஃபரென்ஷியலை மட்டும் வாங்குவதாக விற்பவரிடம் பேசி முடித்துவிட்டேன். இனி 57¼ அங்குல ஹவுசிங்கைத் தேட வேண்டும். அதுவரை வி-8 ஸ்பின்டில்களையும் 10 அங்குல முன் டிரம்களையும் பொருத்தும் வேலையைத் தொடங்குகிறேன்.