300 சிங்கப்பூர் வெள்ளிக்குள் ஒரு டேக்: எதைப் பார்த்து வாங்குவது?

செங்காங் வீணை:

வணக்கம். வீட்டில் பாட்டுக் கேட்க ஒரு டேக் (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்ற மின் அலையாக மாற்றும் பெட்டி) வாங்கலாம் என்று இருக்கிறேன். இப்போது மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரை இழுத்து ஆம்பில் செருகியிருக்கிறேன். ஆம்ப் அண்ணன் கொடுத்தது. ஸ்பீக்கர் இரண்டும் அலமாரியில் வைக்கிற அளவு. அப்பா சேர்த்து வைத்த கச்சேரி சிடிக்களை எல்லாம் தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக மாற்றிவிட்டேன். நாதஸ்வரமும் வீணையும்தான் அதிகம், நடுவில் எண்பதுகளின் சினிமாப் பாட்டு.

தொல்லை இரண்டு. சார்ஜர் போட்டிருந்தால் ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல், சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது. இன்னொன்று, தவில் வரும்போது கூடமே அதிர்கிறது, நாதஸ்வரம் அதற்குள் அமுங்கிப் போகிறது.

ஒரு கடையில் மூன்று டேக் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். 900 வெள்ளிப் பெட்டியைப் போட்டதும் வீணை அப்படியே முன்னால் வந்து உட்கார்ந்தது. என் கையிலோ 300தான். ஈஎஸ்எஸ், ஏகேஎம், ஆர்2ஆர் என்று அவர்கள் அடுக்கியதில் பாதி புரியவில்லை. வீட்டுக்காரர் "ஒலி 96.8 வானொலி போதாதா?" என்கிறார். 900 கொடுத்தால்தான் அந்த வீணை கிடைக்குமா?

பொங்கோல் தம்பி:

அக்கா, முதலில் ஆப்பிள் விற்கிற அந்தக் குட்டி யுஎஸ்பி-சி ஹெட்போன் வயரை வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதற்குள்ளேயும் ஒரு டேக் இருக்கிறது. 1 வோல்ட் தரும், ஆம்பில் கொஞ்சம் கூடுதலாகத் திருப்ப வேண்டியிருக்கும், அவ்வளவுதான். நான் அதில்தான் கேட்கிறேன்.

சமூக மன்றத்து மிக்ஸர்:

தம்பி சொன்னது தப்பில்லை. ஆனால் தங்கச்சியின் இரைச்சல் அதில் போகாது, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். கோயில் விழா, சமூக மன்ற நிகழ்ச்சி என்று வருஷக்கணக்காக சவுண்ட் போடுகிறவன் நான். மேடையில் யாராவது மடிக்கணினியை மிக்ஸரில் செருகினால் முதலில் வருவது பாட்டு இல்லை, இந்த இரைச்சல்தான்.

சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறது என்றால் டேக்கின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சார்ஜரின் எர்த், ஆம்பின் எர்த், நடுவில் உங்கள் வயர், மூன்றும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுகிறது. அதில் ஓடுகிற அழுக்கு மின்சாரம் பாட்டோடு கலக்கிறது. யுஎஸ்பி டேக் வாங்கி அதே மடிக்கணினியில் போட்டாலும் யுஎஸ்பி வயர் வழியாக அது வரும், 900 வெள்ளிப் பெட்டியிலும் வரும். பிளக்கின் எர்த் முனையை எடுத்துவிடுங்கள் என்று எவனாவது சொல்லுவான். கேட்காதீர்கள், அது உயிருக்கு ஆபத்து.

வழி என்னவென்றால் மடிக்கணினிக்கும் ஆம்புக்கும் இடையே செம்புக் கம்பியே இல்லாமல் செய்வது. ஆப்டிகல் வயரில் வெளிச்சம்தான் போகும், மின்சாரம் போகாது. உங்கள் மடிக்கணினியில் ஆப்டிகல் துளை இருக்காது என்று நினைக்கிறேன். யுஎஸ்பி ஐசொலேட்டர் என்று ஒன்று விற்கிறார்கள், நடுவில் மின் தொடர்பைத் துண்டித்துத் தகவலை மட்டும் விடும். மலிவானது 12 மெகாபிட் வேகத்தில்தான் ஓடும், சிடி கோப்புக்கு அது தாராளம். ஆனால் எல்லா டேக்கும் அந்த வேகத்தில் வேலை செய்யாது, கேட்டுவிட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால் வைஃபை ஸ்ட்ரீமர்தான் சுலபம், பாட்டை வயரில்லாமல் வாங்கி ஆம்புக்குக் கொடுக்கும் பெட்டி. வீம் புரோ மாதிரி ஒன்று உங்கள் 300-க்குள் அடங்கும், டேக்கும் உள்ளேயே இருக்கிறது. மடிக்கணினி எந்த அறையில் சார்ஜ் ஆனால் என்ன?

அடுத்து அந்தக் கடை. டேக்கிலிருந்து ஆம்புக்குப் போகும் ஆர்சிஏ வெளியீடு வழக்கமாக 2 வோல்ட். சில பெட்டிகள் 2.5 தரும். வித்தியாசம் கிட்டத்தட்ட 2 டெசிபெல். இந்த அளவு கூடினால் நம் காதுக்கு "சத்தம் அதிகம்" என்று தோன்றாது. "தெளிவு அதிகம், வீணை முன்னால் வருகிறது" என்றுதான் தோன்றும். கடைக்காரர் வேண்டுமென்றே செய்தார் என்று சொல்லவில்லை. அவரும் அதே காதால்தான் கேட்கிறார். நீங்கள் ஒப்பிடும்போது ஒரு 60 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்து ஸ்பீக்கர் முனையில் அளந்து பாருங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவு மீட்டர் பல அங்கே பொய் சொல்லும். ஒரு டேக்குக்கு 2.00 வோல்ட் காட்டினால் அடுத்ததற்கும் ஆம்ப் குமிழைத் திருப்பி 2.00-க்குக் கொண்டுவாருங்கள். 2.02 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு எது எது என்று தெரியாமல் வீட்டுக்காரரை மாற்றிப் போடச் சொல்லுங்கள். அப்போதும் அந்த வீணை எழுந்து வந்தால் 900 கொடுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

சிப்பைப் பற்றி ரொம்பப் பேச ஒன்றுமில்லை. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் டேக் சிப் செய்யும் ஏகேஎம் கம்பெனியின் தொழிற்சாலை தீப்பிடித்தது. சிப் கிடைக்காமல் பல கம்பெனிகள் அதே மாடலுக்குள் இன்னொரு கம்பெனியான ஈஎஸ்எஸ்ஸின் சிப்பை வைத்து விற்றன. சிப்புக்குப் பின்னால் வரும் அனலாக் பகுதியும் பவர் சப்ளையும் ஒழுங்காக இருந்தால் சரி.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் உங்கள் கூடம். தரையில் ஓடு, திரைச்சீலை இல்லை, நான்கு மீட்டர் சுவர் என்று வைத்துக்கொள்வோம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வேறு எப்படி இருக்கும்? நான்கு மீட்டர் என்றால் 43 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 86-லும் ஒலி தேங்கி நிற்கும். தவிலின் தொப்பிப் பக்கம் அடிக்கிற அடி அங்கே போய் விழுந்தால் அதிராமல் என்ன செய்யும்? ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு முழமாவது முன்னால் இழுங்கள். அப்புறம் ஸ்ட்ரீமரிலேயே பாராமெட்ரிக் ஈக்யூ இருக்கும், வேண்டிய அலைவரிசையை மட்டும் ஏற்றி இறக்குவதற்கு. 86 பக்கத்தில் 6 டெசிபெல் குறைத்து, க்யூவை (வெட்டு எவ்வளவு குறுகலாக இருக்க வேண்டும் என்ற எண்) 5 என்று வைத்துக் கேளுங்கள். கொஞ்சம் மேலும் கீழும் நகர்த்தினால் ஓர் இடத்தில் நாதஸ்வரம் பட்டென்று வெளியே வரும். சத்தம் அமுங்கிப் பள்ளமாக இருக்கிற இடத்தை மட்டும் ஏற்றாதீர்கள், ஆம்புக்குத்தான் வீண் சுமை.

கோப்பி ஓ கோசோங்:

மிக்ஸர் அண்ணே எப்போதும் மீட்டரோடுதான் வருவார். என் வீட்டில் பிலிப்ஸின் டிடிஏ1541 சிப் உள்ள பழைய சிடி பிளேயர் இன்னும் ஓடுகிறது. 1985 காலத்துச் சிப். ரெசிஸ்டர்களை ஏணிபோல் அடுக்கிச் செய்த ஆர்2ஆர் டேக்கும் ஒன்று இருக்கிறது, ஓவர்சாம்பிளிங் (பதிவான புள்ளிகளுக்கு நடுவே கூடுதல் புள்ளிகளைக் கணக்கிட்டு நிரப்புவது) இல்லாதது. ராத்திரியில் வீணை கேட்டால் அந்த மென்மை புதுப் பெட்டி எதிலும் வரவில்லை. தங்கச்சி, காதுக்குப் பிடித்ததை வாங்குங்கள்.

சமூக மன்றத்து மிக்ஸர்:

பிடித்ததை வாங்குவதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த மென்மை எங்கிருந்து வருகிறது என்று மட்டும் சொல்கிறேன். ஓவர்சாம்பிளிங் இல்லாத டேக்கில் சிடி ஓடினால் 20 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபெல் தானாகவே சரியும், 10-ல் முக்கால் டெசிபெல். அதையே ஈக்யூவில் காசில்லாமல் செய்யலாம். ஆர்2ஆரில் இன்னொரு சங்கடம். 16 பிட் சரியாக வர, மேல் பிட்டின், அதாவது மதிப்பில் பெரிய பிட்டின், ரெசிஸ்டர் 65,536-ல் ஒரு பங்கு துல்லியமாக இருக்க வேண்டும். மலிவு ஆர்2ஆரில் அதை எதிர்பார்க்க முடியுமா?

கோப்பி ஓ கோசோங்:

முடியாது. அதனால்தான் என்னுடையது மலிவு இல்லை. வீட்டில் கேட்டால் 200 வெள்ளி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

செங்காங் வீணை:

ஸ்ட்ரீமர் வாங்கிவிட்டேன். இரைச்சல் சுத்தமாகப் போய்விட்டது. ஈக்யூவில் 86-ஐ விட 80 பக்கம்தான் ஒத்துவந்தது, கூடம் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் நீளம். இரண்டு சந்தேகம் பாக்கி. ஆம்ப் குமிழை ஏழரை மணி நிலைக்குத் திருப்பினாலே போதும் போதும் என்கிறது, அங்கே இடது ஸ்பீக்கர் மட்டும் உரக்கக் கேட்கிறது. சில சினிமாப் பாட்டு, அதிலும் புதிதாக மெருகேற்றி வெளியிட்டவை, கரகர என்கிறது.

சமூக மன்றத்து மிக்ஸர்:

குமிழின் அடிமட்டத்தில் இடதும் வலதும் சமமாக இருக்காது, பல ஆம்பில் அப்படித்தான். ஸ்ட்ரீமரின் வால்யூமை 12 டெசிபெல் இறக்கிவிட்டு குமிழை மேலே ஏற்றுங்கள். உள்ளே 24 பிட்டில் கணக்குப் போடுவதால் 16 பிட் சிடிக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கரகரப்புக்கும் இதுவே பாதி மருந்து. மெருகேற்றுகிறோம் என்று சத்தத்தை உச்சிவரை தள்ளிவிடுகிறார்கள். இரண்டு சாம்பிளுக்கு (பதிவான புள்ளிக்கு) நடுவே அலை உச்சியைத் தாண்டிப் போனால் டேக்கின் ஃபில்டர் அதை வெட்டிவிடும். 3 டெசிபெல் இறக்கினாலே அந்த வெட்டு பெரும்பாலும் நிற்கும், நீங்கள் 12 இறக்கப் போகிறீர்கள். பதிவிலேயே நசுக்கியிருந்தால் எந்தப் பெட்டியும் உதவாது, அப்பாவின் பழைய சிடியைத் தேடி எடுங்கள்.

பொங்கோல் தம்பி:

அண்ணே, கரோசல் இணையச் சந்தையில் பழைய ஜப்பான் ஆம்ப் ஒன்று மலிவாகப் போகிறது, எடுக்கலாமா?

சமூக மன்றத்து மிக்ஸர்:

பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது, படம் அனுப்பச் சொல். 100 என்றிருந்தால் நம் 230-ல் செருகின நிமிஷமே புகைந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்.