கை மரத்தது, பத்து நிமிடத்தில் சரியானது: கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு, நீலகிரிக்காரர்கள் அனுபவம்

கோத்தகிரியிலிருந்து:

நம் மலையில் கை மரத்தால் குளிர், தலை சுற்றினால் பித்தம், கண் மங்கினால் புரை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். என் அப்பாவுக்கு நடந்ததைப் படித்துவிட்டு ஒருவராவது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் போதும், அதற்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள்.

அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கொஞ்சம் தேயிலைத் தோட்டம், பிரஷர் இருக்கிறது, பீடி சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஒருநாள் மதியம் கொளுந்து எடை போடும் இடத்தில் மூட்டையைத் தூக்கித் தராசுக் கொக்கியில் மாட்டப் போனவருக்கு வலது கை பிடி விட்டுவிட்டது. மூட்டை சரிந்து இலையெல்லாம் தரையில். அள்ளலாம் என்று குனிந்தால் விரல் மடங்கவில்லை. இலை வாங்க வந்த பையன் என்னாச்சு என்று கேட்டதற்கு இவர் ஏதோ சொல்கிறார், ஆனால் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை, சொல்ல நினைப்பது ஒன்று, வாயில் வருவது வேறொன்று. உட்கார வைத்தார்கள். ஒரு பத்து நிமிடம் இருக்கும், கையும் வந்துவிட்டது, பேச்சும் தெளிந்துவிட்டது. அவரே எழுந்து மிச்ச மூட்டைகளையும் எடை போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார்.

சாயங்காலம் அந்தப் பையன் போன் பண்ணித்தான் எங்களுக்கே தெரியும். அப்பாவைக் கேட்டால் "குளிர்ல நின்னேன், அதான். இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்கிறார். என் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், அவள்தான் கேட்டாள்: "மாமா, போன மாசம் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சுன்னு சொன்னீங்களே, எந்தக் கண்ணு?" இடது கண். மேலேயிருந்து இருட்டு இறங்கி, கொஞ்ச நேரத்தில் தானாக விலகியிருக்கிறது. புரையாக இருக்கும் என்று கண் முகாமுக்குப் பெயர் கொடுத்து வைத்திருந்தார். இடது கண், வலது கை, குழறிய பேச்சு, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகு அவள் யாரையும் உட்கார விடவில்லை. அன்று இரவே மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தோம்.

மூளை ஸ்கேனில் இடது பக்கம் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தன. அடுத்து கழுத்துக்கு டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன். ஜில்லென்று ஒரு களிம்பைத் தடவி கருவியை வைத்ததும் ரத்தம் ஓடும் சத்தம் வுஷ் வுஷ் என்று கேட்கிறது. வலது பக்கம் ஒரே சீராகக் கேட்ட சத்தம் இடது பக்கத்தில் ஓரிடத்தில் கீச்சென்று ஏறியது. குழாய் குறுகிய இடத்தில் ரத்தம் வேகமாகப் பாய்வதால்தான் அப்படி என்று ஸ்கேன் எடுத்தவர் சொன்னார். ரத்தக்குழாயைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோவும் எடுத்த பிறகு உறுதியானது: இடது கரோட்டிட் தமனியில் 80 சதவீத அடைப்பு.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். கழுத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கரோட்டிட் தமனி மேலே ஏறுகிறது, தாடைக்குக் கீழே அது இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை மூளைக்கும் கண்ணுக்கும், இன்னொன்று முகத்துக்கும் போகிறது. அந்தக் கவட்டில்தான் கொழுப்பும் சுண்ணாம்பும் படியும். நான் குழாய் அடைத்துக்கொண்டு மூளைக்கு ரத்தம் போதாமல் போவதுதான் ஸ்ட்ரோக் என்று நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படியில்லையாம். அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, அதிலிருந்து துணுக்கு பிய்ந்து மேலே போய் மூளையில் ஒரு சின்னக் குழாயில் சிக்கிக்கொள்கிறது. துணுக்கு தானாகக் கரைந்தால் கை திரும்ப வருகிறது. கரையாவிட்டால் அதுதான் பக்கவாதம். கண்ணுக்குப் போகும் துணுக்கு அதே பக்கத்துக் கண்ணை இருட்டாக்கும், மூளைக்குப் போவது எதிர்ப்பக்கக் கை காலை இழுக்கும். அப்பாவுக்கு வந்தது இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான்.

அறுவை வேண்டுமா என்று நாங்கள் தயங்கியபோது 1991-ல் வெளிவந்த ஒரு வட அமெரிக்க ஆய்வைச் சொன்னார். அறிகுறி வந்து, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பும் இருப்பவர்களில் மாத்திரை மட்டும் சாப்பிட்ட நூறு பேரில் 26 பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் அடைப்பு இருந்த பக்கத்து மூளையிலேயே ஸ்ட்ரோக் வந்தது, அறுவையும் செய்துகொண்டவர்களில் 9 பேருக்குத்தான். மாத்திரைகள் இப்போது அன்றைவிட நன்றாகவே இருக்கின்றன, அறுவையிலேயே நூற்றில் சிலருக்கு ஸ்ட்ரோக் வரவும் கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஆனால் செய்வதென்றால் அறிகுறி வந்த இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம், தள்ளிப்போடப் போட அது குறைந்துகொண்டே போகும் என்றார். சரி என்றோம். கழுத்தைத் திறந்து, குழாயைக் கீறி, படிவை உரித்தெடுத்துத் தைத்தார்கள். எடுத்ததை ஒரு குப்பியில் காட்டினார்கள், காய்ந்த மெழுகு மாதிரி மஞ்சளாக, விரல் கணு அளவுதான் இருந்தது.

குன்னூரிலிருந்து:

தம்பி, உங்கள் மனைவிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். வந்து போகிற இந்த மாதிரி தாக்குதலை டி.ஐ.ஏ. என்போம். அடுத்து பெரிய ஸ்ட்ரோக் வருவதானால் அந்த அபாயம் மிக அதிகமாக இருப்பது முதல் இரண்டு நாளில்தான். சரியாகிவிட்டதே, சந்தை முடிந்து திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள்தான் இரண்டாவது தடவை வாய் கோணி, கை கால் விழுந்து வருகிறார்கள். வார்டில் வேலை பார்த்த நாளெல்லாம் என்னை அதிகம் வருத்தியது இதுதான்.

எஸ்டேட் லைன் வீட்டு அம்மா ஒருவரை மறக்கவே முடியாது. காலையில் இலை பறிக்கப் போன இடத்தில் கை விழுந்திருக்கிறது. பக்கத்து வீட்டார் புறா ரத்தம் தேய்த்தால் வாதம் போய்விடும் என்று புறாவைத் தேடி அலைந்து, அதைத் தேய்த்து, கஞ்சியும் ஊற்றி, பொழுது சாய்ந்த பிறகு கொண்டுவந்தார்கள். கஞ்சி புரையேறி நெஞ்சில் சளி கட்டிவிட்டது. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவதே சரியாக வராது, அதனால் சோதித்துப் பார்க்கும்வரை வாயில் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. ஆஸ்பிரினும் வீட்டில் கொடுக்காதீர்கள். அடைப்பா, ரத்தக்கசிவா என்பது சி.டி. எடுத்தால்தான் தெரியும், கசிவாக இருந்தால் அந்த மாத்திரை கெடுதல் செய்யும்.

அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. பெரிய குழாய் அடைத்திருந்தால் கம்பி விட்டு உறைகட்டியை எடுக்கும் சிகிச்சையை ஒரு சிலருக்கு 24 மணி நேரம்வரைகூடச் செய்கிறார்கள், ஆனால் முந்தினால்தான் நல்லது. ஹட்டியிலிருந்து, அதாவது மலைக் கிராமத்திலிருந்து ரோட்டுக்கு வந்து, மலை இறங்கி, சீசன் நேரத்தில் பர்லியாறு பக்கம் வண்டி வரிசையில் நின்று போய்ச் சேருவதற்குள் எவ்வளவு போகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் 108-க்குப் போன் பண்ணும்போதே ஸ்ட்ரோக் மாதிரி இருக்கிறது, சி.டி. இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லா ஸ்ட்ரோக்கும் கழுத்திலிருந்து வருவதில்லை. இதயம் தாறுமாறாகத் துடித்து அங்கே உறையும் ரத்தமும் மேலே போகும். மூளைக்குள்ளேயே இருக்கும் குழாய் குறுகுவது நம் நாட்டுக்காரர்களுக்கு வெள்ளைக்காரர்களைவிட அதிகம். கழுத்து ஸ்கேன் சுத்தம் என்று வந்துவிட்டால் அதோடு நிறுத்தாமல் இதயத்தையும் பாருங்கள்.

கூடலூரிலிருந்து:

நான் ஜீப் ஓட்டுகிறேன், நாற்பது வயதுகூட ஆகவில்லை, சுகர் பிரஷர் எதுவும் கிடையாது. எனக்கு வந்தது கொழுப்பால் இல்லை. சலூனில் முடி வெட்டிய பிறகு வழக்கம்போலத் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் நெட்டி முறித்தார்கள். அடுத்த நாளிலிருந்து வலது பக்கக் கழுத்தும் கண்ணுக்குப் பின்னாலும் ஒரே வலி. கண்ணாடியில் பார்த்தால் வலது இமை கொஞ்சம் தொங்குகிறது, அந்தக் கண்ணின் பாப்பா மற்றதைவிடச் சின்னதாக இருக்கிறது. தூக்கமில்லை, அதனால்தான் என்றார்கள் வீட்டில். எனக்கு மனசு ஒப்பவில்லை, எங்கள் ஊரிலிருந்து பக்கம் என்பதால் கேரளா பக்கம் போய் ஸ்கேன் எடுத்தேன். கரோட்டிட் தமனியின் உள்சுவர் கிழிந்து ரத்தம் சுவருக்குள் இறங்கியிருக்கிறது என்றார்கள். அப்படியே விட்டிருந்தால் அங்கே உறையும் ரத்தம் மூளைக்குப் போயிருக்கும். அறுவை தேவைப்படவில்லை, சில மாதம் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, பிறகு எடுத்த ஸ்கேனில் கிழிசல் ஆறிவிட்டது. வயது குறைந்தவர்களுக்கு வரும் ஸ்ட்ரோக்கில் இதுவும் ஒரு முக்கியக் காரணமாம். இப்போது சலூனில் உட்காரும்போதே கழுத்தைத் தொட வேண்டாம் அண்ணா என்று சொல்லிவிடுகிறேன், வண்டியில் வரும் பையன்களிடமும் சொல்கிறேன்.

ஊட்டியிலிருந்து:

எனக்கு எந்த அறிகுறியும் இல்லாமலேயே தெரிந்தது. வேறு விஷயமாகப் போன இடத்தில் டாக்டர் கழுத்தில் ஸ்டெத்தை வைத்துக் கேட்டுவிட்டு, உஸ்ஸென்று ஒரு சத்தம் வருகிறது, ஸ்கேன் எடுங்கள் என்றார். 55 சதவீதம். வீட்டில் ஆளாளுக்கு குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட்டை உடனே வைத்துவிடலாம் என்று நின்றார்கள். டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். அறிகுறியே இல்லாதவர்களுக்கு இந்த அளவு அடைப்பில் கத்தி வைப்பதால் வரும் ஆபத்து, அடைப்பால் வரும் ஆபத்தைவிடப் பெரிதாகிவிடும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் அதனால் ஸ்ட்ரோக் வருவது ஆண்டுக்கு நூறில் ஒருவருக்கு என்ற அளவில்தான் இருக்கும் என்றார். இப்போது எனக்குக் கொழுப்பு மாத்திரை, ஆஸ்பிரின், பிரஷர் மாத்திரை. ஊறுகாயும் கருவாடும் பெரிய விரதம் மாதிரி நின்றுவிட்டன, ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள்.

முழு உடல் பரிசோதனை என்று விளம்பரம் போட்டுக் கழுத்து ஸ்கேனையும் சேர்த்து விற்கிறார்கள். ஒன்றுமில்லாத எல்லாருக்கும் இதை எடுப்பதை அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழுவே பரிந்துரைக்கவில்லை. அந்தக் காசுக்கு வீட்டில் ஒரு பிரஷர் பார்க்கும் கருவி வாங்கலாம் என்பது என் அபிப்பிராயம். வாங்க முடியாதவர்கள் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயரைக் கொடுங்கள், 2021-லிருந்து பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

கோத்தகிரியிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. கூடலூர் அண்ணா, நீங்கள் சொன்னதை இன்றைக்கே என் தம்பிக்கு அனுப்பிவிட்டேன்.

ஸ்டென்ட் வைக்காமல் ஏன் அறுவை செய்தீர்கள் என்று குன்னூர் அக்கா தனியாகக் கேட்டிருந்தார்கள், அதற்குப் பதில். அப்பாவுக்கு ஸ்டென்டைப் பற்றியும் பேசினார்கள். 2010-ல் வந்த ஒரு பெரிய ஒப்பீட்டில் ஸ்டென்டில் ஸ்ட்ரோக் கொஞ்சம் அதிகம், அறுவையில் மாரடைப்பு கொஞ்சம் அதிகம் என்று வந்ததாம். அப்பாவின் இதயம் நன்றாக இருந்ததால் அறுவை. தழும்பு இப்போது மடிப்போடு மடிப்பாகிவிட்டது. தாடைக்குக் கீழும் காது மடலும் இன்னும் மரத்துத்தான் இருக்கின்றன, சவரம் செய்யும்போது பிளேடு பட்டாலும் தெரிவதில்லை, அதனால் கண்ணாடி முன்னால் நின்றுதான் செய்கிறார். பீடியை விட்டுவிட்டார். பல் பிடுங்கப் போனபோது ஆஸ்பிரினை நிறுத்தச் சொன்னார்கள், அறுவை செய்த டாக்டருக்குப் போன் பண்ணினோம், நிறுத்தக் கூடாது, சாப்பிட்டுக்கொண்டே பிடுங்கலாம் என்றார், அப்படியே செய்தோம், ரத்தம் சீக்கிரமே நின்றுவிட்டது.

வலது பக்கமும் 40 சதவீதம் இருக்கிறது, அதை ஆண்டுக்கு ஒருமுறை டாப்ளரில் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கோயம்புத்தூர் இறங்க அப்பாவால் முடியவில்லை. ஊட்டியிலேயே கழுத்து டாப்ளர் எந்தக் கிழமையில் எடுக்கிறார்கள், முன்கூட்டிப் பெயர் கொடுக்க வேண்டுமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.