டீஆக்சிகோலேட் மைசெல் 110 நானோமீட்டரா?

செக்காலை ரோடு:
நேற்று தேவகோட்டைத் தம்பி இங்கே ஒரு வரைபடம் போட்டு, "பித்த உப்பான சோடியம் டீஆக்சிகோலேட்டின் மைசெல் விட்டம் 110 நானோமீட்டர், ஒளிச்சிதறலில் அளந்தது" என்று எழுதியிருந்தார். மைசெல் என்றால் தண்ணீரில் இந்த மூலக்கூறுகள் தானாகச் சேரும் சிறு திரள்; ஒளிச்சிதறல் என்றால் கரைசலில் ஒளியைப் பாய்ச்சி, சிதறுவதை வைத்துத் துகளின் அளவைக் கணக்கிடுவது. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அந்த மூலக்கூறின் நீளமே 2 நானோமீட்டருக்குள்தான். சோப்பு மாதிரி அறுபது எழுபது சேர்ந்து உருண்டை பிடிக்கிற ஜாதியும் இல்லை. ஸ்டீராய்டு தட்டின் ஒரு முகம் தண்ணீரை வெறுக்கும், ஹைட்ராக்சில் இருக்கிற மறுமுகம் தண்ணீரோடு ஒட்டும். உப்பு குறைந்த கரைசலில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் சேரும். விட்டம் 2, 3 நானோமீட்டர் வந்தால் சரி. மாதிரியை வடிகட்டினீர்களா, இல்லையா?

தேவகோட்டையான்:
அண்ணே, கருவி காட்டியதைத்தான் போட்டேன், நானாக வரையவில்லை. எத்தனை தடவை ஓட்டினாலும் உச்சி அதே இடத்தில்தான் நிற்கிறது. பித்த உப்புகளை ஆராய்ந்த ஸ்மால் என்பவர் 1960களிலேயே சொன்னாரே, முதலில் சிறு மைசெல், அப்புறம் அவை ஹைட்ரஜன் பிணைப்பால் கோத்துக்கொண்டு பெரிய மைசெல் என்று. நான் 0.5 மோலார் உப்பு போட்டிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு வாருங்கள்.

செக்காலை ரோடு:
நீங்கள் பள்ளிக்கூடம் போகும்போதே படித்தாயிற்று. பெரியது என்றால் 110 என்று அவர் எங்கே எழுதினார்? 1979இல் மேசர், கேரி, குவாஸ்னிக், பெனடெக் நால்வரும் இதே ஒளிச்சிதறலை வைத்துப் பித்த உப்பு மைசெல்களை அளந்தார்கள். உப்பு ஏற ஏற மைசெல் குச்சியாக நீளும், அப்போதும் ஆரம் சில நானோமீட்டர்தான்.

இன்னொன்று. சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். 100 நானோமீட்டர் தூசி ஒன்று, 2 நானோமீட்டர் மைசெல்கள் 1500 கோடிக்கு மேல் சேர்ந்து சிதறடிக்கிற ஒளியை ஒற்றையாகச் சிதறடிக்கும். நீங்கள் அளந்தது தூசியை. வடிகட்டினீர்களா?

பள்ளத்தூர் அக்கா:
தம்பி, பிஎச் எவ்வளவு வைத்தீர்கள்? டீஆக்சிகோலேட் 7க்குப் பக்கத்தில் வந்தால் கூழாக இறுகும். அப்போது பெரிய திரள் இருப்பது நிஜம். ஆனால் பாகுத்தன்மையும் கூடிவிடும். கருவிக்குத் தண்ணீரின் பாகுத்தன்மையைக் கொடுத்திருந்தால் துகள் அலையும் வேகத்திலிருந்து அளவு சொல்லும் ஸ்டோக்ஸ்-ஐன்ஸ்டைன் கணக்கு விட்டத்தை ஊதித்தான் காட்டும். அளவு அளவு என்கிறீர்களே, தனி மைசெல்லின் அளவா, திரளின் அளவா?

செக்காலை ரோடு:
பிஎச் அப்புறம் பேசலாம் அக்கா. வடிகட்டினாரா என்று முதலில் சொல்லட்டும்.

தேவகோட்டையான்:
சரி, வழக்கமான 0.2 மைக்ரான் வடிகட்டி என்றால் துளை 200 நானோமீட்டர். என்னுடைய 110 அதில் தாராளமாகக் கடந்து போகும். வடிகட்டி என்ன பிரயோஜனம்? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

செக்காலை ரோடு:
அப்படியென்றால் வடிகட்டவில்லை. வந்துவிட்டது பதில். 0.02 மைக்ரான் வடிகட்டியும் விற்கிறார்கள்.

தேவகோட்டையான்:
விற்கிறார்கள், யார் வாங்கித் தருவது? எங்கள் கல்லூரியில் சாதா வடிகட்டிக்கே கடிதம் எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்துக் கொண்டுவந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) உங்கள் வாசலில் இருக்கிறது. காரைக்குடிக்காரர்களுக்கு எப்போதும் இந்தத் தோரணைதான்.

கானாடுகாத்தான்:
கரைசலுக்கு எந்தத் தண்ணீர்? கால்சியம் இருந்தால் டீஆக்சிகோலேட் வீழ்படிவாகும். போன வருஷம் ஒருவர் காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் சுத்தம், அதுவே போதும் என்று இங்கே வாதாடினார். ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

செக்காலை ரோடு:
நான் சொன்னது குடிக்க. ஆய்வகத்துக்கு என்று ஒரு வரி காட்டுங்கள் பார்ப்போம். சம்பை ஊற்றைக் குறைசொல்ல உங்கள் ஊருக்கு என்ன தகுதி?

கானாடுகாத்தான்:
எங்கள் ஊரை இழுக்க வேண்டாம். பழைய பதிவு அப்படியே இருக்கிறது.

பள்ளத்தூர் அக்கா:
பிஎச் கேட்டேன். யாரும் சொல்லவில்லை.

தேவகோட்டையான்:
பிஎச் மாறாமல் பிடிக்கும் பாஸ்பேட் தாங்கல் கரைசல், 7.2. அதனால்தான் சொல்கிறேன், 110 நிஜம்.

செக்காலை ரோடு:
7.2இல் வைத்துவிட்டு அதற்கு மைசெல் என்று பெயர் வைப்பீர்களா? பிஎச் 9இல் வையுங்கள், உப்பை 0.1க்குக் குறையுங்கள், வடிகட்டுங்கள். சிதறும் ஒளிச்செறிவுப்படி ஒன்று, துகள் எண்ணிக்கைப்படி ஒன்று என இரண்டு அளவுப் பங்கீட்டு வரைபடமும் போடுங்கள். அதுவரை அந்த 110ஐ எடுத்துவிடச் சொல்கிறேன்.

தேவகோட்டையான்:
எடுக்க மாட்டேன்.

செக்காலை ரோடு:
அப்போ நானும் விட மாட்டேன். வடிகட்டவில்லை என்று மேலே எல்லோரும் படிக்கலாம்.