கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்: 9 மாதக் குழந்தைக்கு இது சகஜமா?

கடைக்குட்டி அம்மா:
பாயில் இரண்டு துண்டுகளைப் போட்டு, இடது துண்டுக்கு அடியில் சாவிக்கொத்தை ஒளித்தேன். மகன் டக்கென்று இழுத்து எடுத்தான். மூன்று தடவையும் அப்படியே. நான்காவது தடவை, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது துண்டுக்கு அடியில் வைத்தேன். மறுபடி இடது துண்டைத்தான் இழுத்தான்! இழுக்கும்போது கண் என்னவோ வலது பக்கம்தான் இருந்தது. "பிள்ளைக்குக் கவனம் பத்தலை" என்கிறார் மாமியார். கவலைப்படணுமா?

அரைகுறை ஆய்வாளர்:
வேண்டாம்மா. குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே தன் சொந்தக் குழந்தைகளிடமே கவனித்த தவறு இது. இன்றைக்கும் ஆய்வுக்கூடங்களில் இதை வைத்துத்தான் குழந்தையின் நினைவையும், பழக்கத்தை அடக்கும் கட்டுப்பாட்டையும் அளக்கிறார்கள். ஒளித்ததற்கும் அவனை எடுக்க விடுவதற்கும் நடுவில் எத்தனை விநாடி விட்டீர்கள்? அதுதான் முக்கியம். உளவியலாளர் அடேல் டயமண்ட் 1985-இல் வெளியிட்ட ஆய்வில் 25 குழந்தைகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சோதித்தார். ஏழரை மாதத்தில் 2 விநாடி தாமதித்தாலே தவறினார்கள். ஒரு வயதில் 10 விநாடி வரை தாங்கினார்கள். உங்கள் பையன் இடத்தை மறக்கவில்லை என்று கண்ணே சொல்லுதே. பழகின பக்கம் போகிற கையை நிறுத்தத்தான் இன்னும் வரவில்லை.

கடைக்குட்டி அம்மா:
இன்றைக்கு எண்ணிப் பார்த்தேன். உடனே விட்டால் சரியாக எடுக்கிறான், ஐந்து எண்ணிவிட்டு விட்டால் தப்பு. ஆனால் ஒருமுறை எண்ணி முடிக்கும்வரை வலது பக்கமே சாய்ந்திருந்தான், அப்போது சரியாக எடுத்தான்.

அரைகுறை ஆய்வாளர்:
அது கணக்கில் வராது! நினைவுக்குப் பதிலாக உடம்பே வழி காட்டிவிடும். அதனால்தான் சோதனையில் கையைப் பிடித்துக்கொண்டு, கூப்பிட்டுப் பார்வையைத் திருப்புவார்கள்.

மொட்டைமாடி:
நினைவு, கட்டுப்பாடு மட்டும்தான் இதற்குக் காரணம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இடது பக்கம் ஒளிக்கும்போது உட்கார வையுங்கள், வலது பக்கம் ஒளிக்கும்போது நிற்க வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். உளவியலாளர்கள் லிண்டா ஸ்மித், எஸ்தர் தெலன் குழுவினர் 1999-இல் இப்படிச் செய்தபோது தவறு குறைந்தது. உட்கார்ந்து பழகின கை அசைவு, குழந்தை எழுந்து நின்றால் கலைந்துபோகிறது. அப்புறம், "கண்ணா, இங்கே பாரு" என்று கொஞ்சிக்கொண்டே ஒளிக்காதீர்கள். கொஞ்சாமல் ஒளித்தால் குழந்தைகள் குறைவாகத் தவறினார்கள் என்று 2008-இல் ஹங்கேரியில் கண்டார்கள்.

கடைக்குட்டி அம்மா:
மாமியார் பிடித்துக்கொள்ள, நிற்க வைத்துப் பார்த்தோம். வாயைத் திறக்காமல் ஒளிப்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். மூன்றில் இரண்டு சரி. மூன்றாவது தடவை சாவியை விட்டுவிட்டுத் துண்டைச் சப்ப ஆரம்பித்துவிட்டான்.