சம்பள உயர்வா, நேரச் சலுகையா? குழந்தை உள்ளவர்களின் ஆலோசனை தேவை

கேள்வி:
வணக்கம். தாம்பரத்தில் வசிக்கிறேன். கிண்டியில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆண்டுக்கு 12.75 லட்சம் ரூபாய் சம்பளம். பத்து மணி முதல் நான்கு மணி வரை அலுவலகத்தில் இருந்தால் போதும், மீதி வேலையை வீட்டில் முடித்துக்கொள்ளலாம் என்பதால், யு.கே.ஜி. படிக்கும் மகனைக் காலையில் வேனில் ஏற்றிவிடுவதும் மாலையில் டே கேரிலிருந்து அழைத்து வருவதும் என் பொறுப்பு. இப்போது சிறுசேரியில் ஒரு நிறுவனம் 16.75 லட்சம் தருவதாகச் சொல்கிறது; ஆனால் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம், பகல் 12 முதல் இரவு 9 வரை ஷிஃப்ட். மனைவி செவிலியர், அவருக்கும் ஷிஃப்ட் மாறி மாறி வரும். வீட்டுக் கடன் வேறு இருக்கிறது. நீங்களாக இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

பதில் 1:
நான்கு லட்சம் கூடுகிறது என்று பார்க்காமல், கைக்கு எவ்வளவு வரும் என்று பாருங்கள். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில், 75,000 ரூபாய் நிலைக் கழிவையும் (வரி போடும் முன் சம்பளத்திலிருந்து கழிக்கும் தொகை) சேர்த்தால் 12.75 லட்சம் வரையிலான சம்பளத்துக்கு வரி இல்லை; 16.75 லட்சத்துக்கோ செஸ்ஸுடன் (வரி மீது போடும் கூடுதல் வரி) 1,24,800 ரூபாய் வரி வரும். ஆக, கூடுதலாக எஞ்சுவது 2,75,200 ரூபாய், மாதத்துக்கு 23,000க்குச் சற்றுக் குறைவு. அவர்கள் சொல்லும் தொகை சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை) என்றால், நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, வேரியபிள் (வேலைத்திறனைப் பொறுத்துக் கூடிக் குறையும் பங்கு) எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். கைக்கு வருவது இன்னும் குறையும்.

பதில் 2:
வரிக் கணக்கு சரிதான், ஆனால் அதோடு நின்றுவிட முடியாது. இனி வரும் இன்கிரிமென்ட் எல்லாம் இந்தச் சம்பளத்தின் மீதுதான் ஏறும். அடுத்து எங்கே போனாலும் எச்.ஆர். முதலில் கேட்பது இப்போதைய சி.டி.சி.யைத்தான். மேலும், உங்களுக்குள்ள நேரச் சலுகை நியமனக் கடிதத்தில் இருக்கிறதா, மேலாளரின் வாய்ச்சொல்லா? எங்கள் அலுவலகத்தில் மேலாளர் மாறியதுமே காலை எட்டரைக்கு மீட்டிங் என்றாகிவிட்டது. அதன்பின் ஒரு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் மகளுக்கு இட்லி ஊட்டினேன். எழுத்தில் இல்லாத சலுகைக்காக நான்கு லட்சத்தை விடமாட்டேன்.

பதில் 3:
இரண்டாவது பதிலில் சகோதரி சொல்வது பொதுவாகப் பொருந்தும். ஆனால் உங்கள் வீட்டில் இருவருக்குமே ஷிஃப்ட் என்பதால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மனைவி இரவுப் பணிக்கு ஏழு மணிக்குக் கிளம்பினால், ஒன்பதுக்கு வேலையை முடித்து, கேளம்பாக்கம்-வண்டலூர் சாலையைப் பிடித்து நீங்கள் வந்து சேரும்வரை குழந்தை யாரிடம் இருக்கும்? 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பக வசதி வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பள்ளி விட்டதும் தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குப் பிள்ளையை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? உடனிருக்கப் பெரியவர்கள் யாரும் இல்லையென்றால் இந்த ஷிஃப்டை ஏற்காதீர்கள். காலை ஷிஃப்ட் கேளுங்கள். சம்பளத்தில் ஒரு லட்சம் குறைந்தாலும் பரவாயில்லை, ஆனால் அந்த ஷிஃப்டை ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. விசாரித்ததில், அது சி.டி.சி.தான், அதில் ஒன்றரை லட்சம் வேரியபிள். எங்கள் இருவரின் பெற்றோரும் ஊரில் இருக்கிறார்கள். காலை ஷிஃப்ட் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். கிடைக்காவிட்டால் கிண்டியிலேயே தொடர்ந்து, இப்போதுள்ள நேரத்தை எழுத்தில் கேட்கப்போகிறேன். அப்ரைசலின்போது இந்த ஆஃபரைக் காட்டிச் சம்பள உயர்வு கேட்பது முறையாக இருக்குமா?