செங்கோட்டையில் மளிகையும் மருந்தும்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். செங்கோட்டையில் எங்கள் மளிகைக் கடையை ஒட்டியே தம்பியின் மருந்துக்கடை. இரண்டையும் ஒரே கம்பெனியாக்கி, மலைக்கு அந்தப் பக்கம் புனலூரிலும் ஒரு கிளை போடலாம் என்கிறான். ஆசை நல்லதுதான், ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

அரிசி, பருப்பு விலை ஏறினால் நாமும் ஏற்றிக்கொள்ளலாம். மருந்தில் அது நடக்காது. அரசு உச்சவிலை வைத்த மருந்துகளில் சில்லறைக் கடைக்கு லாபம் 16 சதவீதம்தான். இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கரண்ட் போய் ராத்திரி முழுக்க வராவிட்டால் பிரிட்ஜில் உள்ள சரக்கு கெட்டுவிடுமோ என்ற கவலை வேறு. ஷெட்யூல் எச்1 மருந்து (சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து போல கூடுதல் கட்டுப்பாடு உள்ளவை) விற்றால் தனிப் பதிவேடு, அதை 3 வருடம் பத்திரப்படுத்த வேண்டும்.

புனலூர் என்றால் கேரளாவில் மருந்து உரிமம், ஜிஎஸ்டி பதிவு எல்லாம் தனி. வரி உள்ள சரக்கை இங்கிருந்து நம் கிளைக்கே அனுப்பினாலும் வரி போட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

என் பயம் இதுதான்: மருந்துக்கடை உரிமத்தில் சிக்கல் வந்தால் மளிகையின் வங்கிக் கடனும் சேர்ந்து மாட்டிக்கொள்ளுமா? களியக்காவிளை, குமுளி, வாளையார் என்று கேரள எல்லைப் பக்கம் இரண்டையும் சேர்த்து நடத்துபவர்கள் எப்படிப் பிரித்து வைத்திருக்கிறீர்கள்? காலாவதி மருந்தை ஏஜென்சிகள் ஒழுங்காகத் திருப்பி எடுக்கிறார்களா? சரக்குக் காப்பீடு ஒன்றா, இரண்டா? ஓணத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.